ஒன்பதாம் வகுப்பின் வாசலில்: சேர்வராயன் மலை அரசு உயர்நிலைப் பள்ளியும் தொண்டு நிறுவனமும்

ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காடு வட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியும், அதற்கு உதவ வரும் சேலம் நகரத்து அறக்கட்டளையும் இந்த ஆய்வின் இரு தரப்புகள். பள்ளி ஒன்று என்று எழுதினாலும் இது தனியொரு பள்ளியின் வரலாறு இல்லை. சேர்வராயன் மலையில் 6 முதல் 10 வரை நடக்கும் பள்ளிகளின் பொது நிலையை ஒரே பள்ளியாகத் தொகுத்திருக்கிறோம். கணக்கு வசதிக்காக 9ஆம் வகுப்பில் 40 பேர், அவர்களில் 12 பேர் பள்ளி நேரத்துக்குப் பேருந்து வராத ஊர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்கிறோம். செலவுத் தொகைகள் திட்டமிடுவதற்கான மதிப்பீடுகள். சட்டம், உதவித்தொகை, சம்பளம் பற்றிய எண்கள் நடைமுறையில் உள்ளவை.

எட்டு வரை நீளும் கை

மலைப்பள்ளிக்கு உதவி என்றதும் நகரத்தில் எல்லோருக்கும் தொடக்கப் பள்ளிதான் நினைவுக்கு வருகிறது. சின்னப் பிள்ளைகள், வண்ணச் சுவர், புத்தகப் பை. ஆனால் தொடக்கப் பள்ளியில் அரசே பலமாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு 1 முதல் 5 வரை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரை, வகுப்புக் கணக்கில் 8 வரை. விலையில்லாச் சீருடை 8 வரை. மலைப்பகுதி மாணவர்களுக்குத் தமிழக அரசு தரும் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கணுக்கால் பூட்ஸ் எல்லாமே 8 வரைதான். இல்லம் தேடிக் கல்வியும் 1 முதல் 8க்கே வகுக்கப்பட்டது. சத்துணவு மட்டும் 10 வரை வருகிறது. பாடநூலும் பேருந்துச் சலுகை அட்டையும் அதற்கு மேலும் தொடர்கின்றன.

எட்டு முடித்த பிள்ளை ஜூன் மாதம் ஒன்பதில் உட்காரும்போது உடுப்பை வீட்டில் வாங்க வேண்டும், குளிருக்கும் மழைக்கும் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஊரில் நடுநிலைப் பள்ளிதான் இருக்கிறதென்றால் பள்ளியும் மாறுகிறது. 5 கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி இருக்க வேண்டும் என்பது திட்ட அளவுகோல். நிலப்படத்தில் அந்த 5 கிலோமீட்டர் நேர்கோடு. சேர்வராயனில் அது ஒரு பள்ளத்தில் இறங்கி மறு சரிவில் ஏறும் காப்பித் தோட்டத்துப் பாதை. காட்டெருமை நிற்கும், பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி இந்தச் சரிவில் எவ்வளவு உதவும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இங்கேதான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். பத்தாம் வகுப்பில் தோற்று நிற்பவர்களின் எண்ணிக்கை செய்தித்தாளில் வரும். எட்டு முடித்து ஒன்பதில் சேராதவர்களின் எண்ணிக்கை எந்தத் தேர்ச்சி விழுக்காட்டிலும் வராது, ஏனென்றால் அவர்கள் தேர்வே எழுதவில்லை. ஆகவே இந்த ஆய்வு சொல்ல வருவது இது: மலையில் ஒரு தொண்டு நிறுவனம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில் போய் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பிப்ரவரியில் வரும் பணம்

அறக்கட்டளைகள் தவறான பொருளை வாங்குவதற்குப் பெரும்பாலும் மனம் காரணமில்லை, நாள்காட்டிதான் காரணம். 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, தகுதி வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். அவர்களின் ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஜனவரி கடைசியில் கணக்கைப் பார்த்து, செலவாகாமல் கிடக்கும் தொகையை அவசரமாக ஓர் அறக்கட்டளைக்கு அனுப்புகிறார்கள். பிப்ரவரியில் பணம் வந்தால் மார்ச்சுக்குள் என்ன செய்ய முடியும்? பெயின்ட் அடிக்கலாம், பெஞ்சு வாங்கலாம், திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) மாட்டலாம், ஒரு விழா வைத்துப் பொன்னாடை போர்த்தலாம். பிள்ளையை ஒன்பதில் சேர்க்கும் வேலை ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிவது. அப்போது அறக்கட்டளையின் கையில் காசு இருக்காது.

இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. 2021இல் வந்த திருத்தங்களின்படி, தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டு வரை நீளும் வேலையைத் ‘தொடர் திட்டம்’ என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு ஏற்கலாம். மார்ச் 31இல் செலவாகாத தொகையை 30 நாளுக்குள் அதற்கென்று உள்ள தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால், அடுத்த ஆண்டுகளில் அந்தத் திட்டத்துக்கே செலவிடலாம். ஆகவே முன்மொழிவில் முதல் பக்கத்திலேயே ‘மூன்றாண்டுத் தொடர் திட்டம்’ என்று எழுதி, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று தவணை கேட்பது நல்லது. ஒன்றிய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்தில் அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவம் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். வருமான வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் நடப்பில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ‘மலையில் வேலை செய்யும் சின்ன அமைப்புக்குப் பெரிய அமைப்பு பணம் தரட்டும்’ என்ற பழைய ஏற்பாடு அதோடு நின்றது.

யாரிடம் அனுமதி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் அறக்கட்டளைக்காரர் நேராகத் தலைமையாசிரியரைப் பார்த்து, ‘நாங்கள் இலவசமாகத்தானே செய்கிறோம்’ என்பார். தலைமையாசிரியர் மறுத்தால் பழி, ஒப்புக்கொண்டால் விளக்கக் கடிதம். அவரை அந்த இக்கட்டில் நிறுத்தக் கூடாது.

முதலில் பள்ளி எந்தத் துறையுடையது என்று பார்க்க வேண்டும். சேர்வராயனில் பள்ளிக் கல்வித் துறையின் பள்ளிகளும் உண்டு, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. முன்னதற்குச் சேலம் முதன்மைக் கல்வி அலுவலர். கடிதம் இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர் வழியாகப் போகும். பின்னதற்குப் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியோடு உண்டு உறைவிடப் பள்ளி வாசலுக்குப் போனால் அங்கே அது வெற்றுத்தாள். ஒரு பருவத்தையே இப்படி இழந்த திட்டங்கள் உண்டு.

விண்ணப்பத்துடன் அறக்கட்டளைப் பத்திரம், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளப் பதிவு எண், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, என்ன நூல், யார் வருகிறார்கள் என்ற விவரம் வேண்டும். ‘கல்வி மேம்பாட்டுப் பணி’ என்று பொதுவாக எழுதினால் கோப்பு திரும்பி வரும். தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு எடுத்துவிடுவது நல்லது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியது வெளிவந்தது. அதற்குப் பிறகு வெளியாள் என்றாலே பள்ளிகள் தயங்குகின்றன, தயங்கத்தான் வேண்டும். ஆண் தன்னார்வலர் தனியாக மாணவியரோடு இருப்பதில்லை, கைப்பேசியில் படமெடுத்து முகநூலில் போடுவதில்லை, புகார் வந்தால் மறைப்பதில்லை என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய இரு உதவி எண்களும் வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள் என்பது சட்டம். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்திருக்கிறது. குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏறாத உதவிக்குப் பின்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மலையில் கூட்டத்துக்கு நேரம் குறிப்பதில் சிக்கல் உண்டு: பகல் 3 மணிக்கு வைத்தால் தோட்ட வேலைக்குப் போன தாய்மார் வர முடியாது. அவர்கள் வராத கூட்டத்தில் வாசிக்கப்படும் தீர்மானம் அறக்கட்டளைக்காரர் எழுதிக்கொண்டு வந்ததாகவே இருக்கும்.

ஏப்ரலிலிருந்து ஜூலை 31 வரை

வேலையின் இதயம் இந்த நான்கு மாதம். ஏப்ரலில் சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலைத் தலைமையாசிரியர்கள் வழியாகத் திரட்ட வேண்டும். நாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளி, வாழவந்திப் பக்கம் ஒரு பள்ளி, மாரமங்கலம் பக்கம் ஒன்று என்று பெயர்கள் சிதறிக் கிடக்கும். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் மாற்றுச் சான்றிதழ் போட்டதும் பிள்ளையின் பெயர் பழைய பள்ளியிலிருந்து நீங்கிப் பொதுத் தொகுப்புக்குப் போகும். ஆசிரியர்கள் ‘காமன் பூல்’ என்பார்கள். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொண்டால்தான் சேர்க்கை முடிகிறது. எடுக்க ஆளில்லாத பெயர் அங்கேயே கிடக்கும். அதுதான் இடைநின்ற பிள்ளை.

எமிஸ் கடவுச்சொல்லை அறக்கட்டளை கேட்கக் கூடாது, பள்ளி கொடுக்கவும் கூடாது. வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநரோடு உட்கார்ந்து, தொகுப்பில் நிற்கும் பெயர்களை அவர் சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது அறக்கட்டளைக் களப்பணியாளரின் வேலை. அங்கே கிடைக்கும் பதில்கள் நான்கைந்துக்குள் அடங்கிவிடும். வண்டி இல்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூர்க் தோட்டத்துக்குக் குடும்பமே போய்விட்டது. திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கு அனுப்பியாயிற்று. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். கடைசி பதிலுக்கு அறக்கட்டளை தனியாகப் பஞ்சாயத்துப் பேசப் போகக் கூடாது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது, சமூக நலத் துறை அலுவலர் இருக்கிறார். களப்பணியாளர் அதே ஊருக்கு அடுத்த வாரமும் போக வேண்டியவர்.

எதற்கு ஜூலை 31 என்று கேட்கலாம். ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். செப்டம்பரில் பத்துப் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தால் அவர்களுக்கு நல்லதுதான், ஆனால் பணியிடக் கணக்கில் அவர்கள் இல்லை. எண்ணிக்கை குறைந்த மலைப்பள்ளியில் ஓர் ஆசிரியர் உபரி என்று காட்டப்பட்டால், மலையிலிருந்து இறங்குவதற்குக் காத்திருக்கும் யாராவது ஒருவர் இறங்கிவிடுவார். அந்த இடம் மறுபடி நிரம்பப் பல ஆண்டு ஆகலாம்.

வண்டி

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வண்டி விடலாம் என்று முடிவானால், முதலில் விடக் கூடாத வண்டியைச் சொல்லிவிடலாம். ஊரில் இருக்கும் ஜீப் பெரும்பாலும் வெள்ளைப் பலகை வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்தது. தோட்டத்துக்கு உரம் ஏற்றும், மாலையில் ஆள் ஏற்றும். அதை வாடகைக்குப் பிடித்துப் பிள்ளைகளை ஏற்றினால், வளைவில் ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் ‘வாடகை ஓட்டம்’ என்று கையை விரித்துவிடும். மஞ்சள் பலகை, தகுதிச் சான்று, அனுமதிச் சீட்டு, காப்பீடு, ஓட்டுநரின் உரிமம் ஆகிய ஐந்தின் நகலும் பள்ளிக் கோப்பில் இருக்க வேண்டும். இருக்கை எட்டு என்றால் எட்டு பேர்தான். பன்னிரண்டு பேருக்கு இரண்டு நடை. வண்டியில் ஊர்ப் பெண் ஒருவர் துணைக்கு வர வேண்டும்.

நாளுக்கு ரூ.1,200 என்று பேசினால் 22 வேலைநாளுக்கு ரூ.26,400. பத்து மாதத்துக்கு ரூ.2,64,000. ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.2,200. ஒன்றிய அரசு நிதி தரும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொலைவுக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து உதவியாக ஆண்டுக்கு ரூ.6,000 வரை இடமுண்டு. இடைநிலை வகுப்புகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. ஆண்டுச் செலவான ரூ.22,000இல் அது கால் பங்குக்கு மேல் வரும். ஆனால் அதை நம்பி வண்டிக்காரருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத பிரச்சினையில் 2024–25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது எல்லோருக்கும் தெரியும். அரசுப் பணம் தாமதமாகும் மாதத்தில் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அறக்கட்டளைப் பணத்தின் சரியான இடம்.

இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு, காசே ஆகாதது. அந்த ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து வந்து போகிறது, ஆனால் பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அல்லது முதல் பாடவேளை முடிந்த பிறகு. மேலாண்மைக் குழுத் தீர்மானம், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், சலுகை அட்டை எண்கள் ஆகியவற்றோடு அரசுப் போக்குவரத்துக் கழகச் சேலம் கோட்டத்துக்கு மனுக் கொடுத்து, கிளை மேலாளரைப் பார்த்து நேரத்தை மாற்றக் கேட்கலாம். நடத்துநர், ஓட்டுநரின் பணிநேரம், அந்தப் பேருந்து மறுபடி அடிவாரம் இறங்கும் நேரம் எல்லாம் இதில் பின்னிக் கிடப்பதால் ஒரே மனுவில் நடக்காது. நடந்தால் ஆண்டுக்கு இரண்டரை லட்ச ரூபாய் மிச்சம். திறப்பு விழா வைக்க முடியாது என்பதால்தானோ என்னவோ, இதற்கு அலையும் அறக்கட்டளைகள் குறைவு.

காகிதம்

மலையில் பெரும்பாலான பிள்ளைகள் ‘மலையாளி’ என்னும் மலைவாழ் பழங்குடியினர். பட்டியலினத்தவருக்கும் மற்றவர்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற சாதிச் சான்றிதழ், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் கையெழுத்தில்தான் வரும். விசாரணை உண்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள், நாள் பிடிக்கும். பத்து முடித்த பிறகு விண்ணப்பித்தால் பதினொன்றின் சேர்க்கை, விடுதி, உதவித்தொகை மூன்றும் தட்டிப்போகும். எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அண்ணனின் சான்றிதழ், பெற்றோரின் பழைய சான்றிதழ், குடும்ப அட்டை, பள்ளியின் சாதிக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு இ-சேவை மையத்துக்கு அனுப்பினால் பாதி அலைச்சல் மிச்சம்.

9, 10ஆம் வகுப்புப் பழங்குடி மாணவருக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகை, வீட்டிலிருந்து வருபவருக்கு மாதம் ரூ.225 வீதம் பத்து மாதம், புத்தகத்துக்கு ரூ.750, ஆக ரூ.3,000. சிறிய தொகைதான், ஆனால் ஒன்பதில் சீருடை வாங்க அதுவே போதும். அது வராமல் போவதற்கான காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். ஆதாரில் தந்தை பெயரின் முன்னெழுத்து பின்னால், எமிஸில் முன்னால். பிறந்த தேதி பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஜனவரி 1. வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆனால் ஆதாரோடு இணையவில்லை. இணைந்திருந்தால் ஈராண்டாக வரவு செலவில்லாமல் முடங்கிக் கிடக்கிறது. அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி ஊழியரைக் கைரேகைக் கருவியோடு பள்ளிக்கே ஒருநாள் வரவழைத்தால் நாற்பது பேரின் கணக்கும் ஒரே நாளில் முடியும். மழை மாதத்தில் வைக்கக் கூடாது; சிக்னல் இருக்காது.

தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எட்டில் எழுதுகிறார்கள், மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. தேர்வுக்குத் தயார்படுத்துவது நடுநிலைப் பள்ளி. பணம் வரத் தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிந்து ஒப்புதல் தர வேண்டியது உயர்நிலைப் பள்ளி. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை பள்ளி மாறுகிறது. பழைய பள்ளி ‘எங்கள் மாணவி தேர்வானாள்’ என்று பேனர் வைத்துவிடும், புதிய பள்ளிக்கு அந்தச் செய்தியே எட்டாது. பதிவுக் கெடு முடிந்தால் அந்த ஆண்டுப் பணம் போச்சு. தேர்வானோர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஜூன் மாதம் புதிய பள்ளியில் யார் எங்கே என்று பார்ப்பது ஓர் ஆளின் இரண்டு நாள் வேலை. ஒரு பிள்ளைக்கு அது நான்காண்டில் ரூ.48,000. ஒன்றிய அரசின் இரண்டு உதவித்தொகையை ஒரே பிள்ளை வாங்க முடியாது என்பதால், தேர்வானவர் பெரிய தொகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு, பட்டியலின, பழங்குடி மாணவர் என்றால் 55 எடுத்தால்தான் அது தொடரும் என்பதையும் ஒன்பதிலேயே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

காப்பி மாதங்கள்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை அரபிக்காப் பழம் பறிப்பு. பின்னாலேயே மிளகு. கிலோக் கணக்கில் கூலி என்றால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கையும் வருமானம். ‘காப்பி முடிஞ்சதும் அனுப்புறேங்க’ என்று தாய் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கல் விடுமுறையும் கழிந்த பிறகு மலைப்பள்ளியின் வருகைப் பதிவேட்டில் விழும் இடைவெளிக்கு இதுவே காரணம். பொதுத்தேர்வு மார்ச்சில் வந்துவிடுகிறது.

நகரத்து அறக்கட்டளை வழக்கமாகக் கொண்டுவரும் ‘மாலைநேரச் சிறப்பு வகுப்பு’ இங்கே செல்லாது. பள்ளி விட்டதும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். தவறவிட்டால் இருட்டில் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். வகுப்பை ஊருக்குள் கொண்டு போக வேண்டும். ஊரிலேயே பட்டப்படிப்பு முடித்த பெண்கள் இப்போது இருக்கிறார்கள். மாதம் ரூ.4,000 வீதம் மூன்று ஊரில் மூவர், இரவு 6.30 முதல் 8 வரை, ஒரு குழுவில் 12 பேருக்கு மிகாமல். பழம் பறித்துவிட்டு வந்த பிள்ளையும் உட்கார முடிகிற நேரம் அது.

என்ன சொல்லிக் கொடுப்பது? ஒன்பதாம் வகுப்பில் எட்டு வரித் தமிழ்ப் பத்தியைத் தடங்கலில்லாமல் படிக்க முடியாதவர், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவர் எல்லா அரசுப் பள்ளியிலும் சிலர் உண்டு. ஜூலையிலேயே தனித்தனியாக உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு பத்தி வாசிப்பு, ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஐந்து ஆங்கிலச் சொற்றொடர். ஒருவருக்கு 7 நிமிடம் என்றால் 40 பேருக்கு 280 நிமிடம்; இரண்டு பேர் செய்தால் ஒரு முற்பகல். எழுத்துத் தேர்வாக வைத்தால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதிவிடுவார்கள், உண்மை தெரியாது. முடிவை வகுப்பில் படிக்கக் கூடாது. 6 முதல் 9 வரைக்கு அரசு 2025–26இல் கொண்டுவந்த ‘திறன்’ பயிற்சிக்கு இதே நோக்கம்தான். அறக்கட்டளை தனக்கென்று ஒரு நூல் அச்சடித்து வந்து மூன்றாவது பாடத்திட்டமாகத் திணித்தால், ஆசிரியருக்கு நிரப்ப இன்னொரு பதிவேடு சேரும், அவ்வளவுதான்.

பொருள்கள், பணியிடங்கள்

பொருள் கொடுப்பதே கூடாது என்று சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு 40 பேருக்கு ஸ்வெட்டர் ரூ.450, மழைக்கோட்டு ரூ.350 என்றால் ரூ.32,000. ஜூனிலேயே கொடுக்க வேண்டும். டிசம்பரில் விழா வைத்துக் கொடுத்தால் பாதிக் குளிர் போயிருக்கும். ஒரு அளவு பெரிதாக வாங்கினால் பத்துக்கும் ஆகும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். குவிலென்ஸ், மீட்டர் அளவுகோல், எடைக்கல், அம்மீட்டர், வோல்ட்மீட்டர், சோதனைக் குழாய், காப்பர் சல்பேட், லிட்மஸ் தாள் எல்லாம் சேர்த்து ரூ.15,000க்குள் ஒரு வகுப்புக்கு வாங்கிவிடலாம். இதை யாரும் கேட்பதில்லை. ஒன்றரை இரண்டு லட்ச ரூபாய்த் திறன்பலகையைத்தான் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், இடி விழும். நிலைப்படுத்தியும் நில இணைப்பும் பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லாமல் மாட்டிய பலகை, கோளாறானால் சரிபார்க்க ஆள் கீழிருந்து வர வேண்டும். எதைக் கொடுத்தாலும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, விலைச்சீட்டு நகல் வைக்க வேண்டும். ஏற்றாத பொருள் தொலைந்தாலும் தணிக்கைக் குறிப்பு, இருந்தாலும் தணிக்கைக் குறிப்பு.

கணக்கு ஆசிரியர் இடம் காலி என்றால் அறக்கட்டளை ஒருவரை நியமித்துச் சம்பளம் கொடுக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியரை ரூ.15,000 தொகுப்பூதியத்தில் எடுக்க அரசே வழி வைத்திருக்கிறது. அறக்கட்டளை ஆசிரியர் வகுப்பில் நிற்கும் வரை அந்தக் காலியிடம் யார் கண்ணையும் உறுத்தாது. அரசுத் தொகையில் ஆள் கிடைப்பதற்கு மலையில் தங்க இடம்தான் தடை என்றால், வாடகைக்கு ஓர் அறை பார்த்துக் கொடுப்பது சம்பளம் கொடுப்பதைவிடப் பயன்படும்.

வண்டி 2,64,000, உடுப்பு 32,000, ஊர்வகுப்பு மூவருக்கு ஒன்பது மாதம் 1,08,000, களப்பணியாளர் ஒருவருக்கு மாதம் 18,000 வீதம் ஆண்டுக்கு 2,16,000, செய்முறைப் பொருள் 15,000, சான்றிதழ், வங்கி முகாம்களுக்கு 10,000. மொத்தம் ரூ.6,45,000. இதில் பாதி மனிதர்களின் ஊதியம். ‘சம்பளத்துக்குப் பணம் தருவதில்லை, பொருளாக வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லும் நன்கொடையாளரிடம் இந்தப் பட்டியலைத்தான் காட்ட வேண்டும். களப்பணியாளரை நீக்கிவிட்டால் மிச்சமுள்ள ஐந்து வரியும் நடக்காது.

எதை அளப்பது

தேர்ச்சி விழுக்காட்டை அளவுகோலாக்கினால், பள்ளிக்குத் தோற்கக்கூடிய பிள்ளையை ஒன்பதிலேயே கழற்றிவிடும் ஆசை வரும். மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள அரசு மாதிரிப் பள்ளியும் ஏகலைவா உறைவிடப் பள்ளியும் நன்றாகப் படிக்கிறவர்களை எடுத்துக்கொள்ளும். அது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் மலைப்பள்ளியின் விழுக்காடு அதனால் இறங்கும். ஆகவே நான்கைப் பார்த்தால் போதும்: எட்டு முடித்தவர்களில் எத்தனை பேர் ஜூலை 31க்குள் ஒன்பதில் இருக்கிறார்கள், ஜனவரி மாத வருகை, உதவித்தொகை கணக்கில் ஏறியவர்கள், பத்து முடித்தவர்கள் ஆகஸ்டில் எங்கே இருக்கிறார்கள். கடைசியதில் பதினொன்று மட்டுமில்லை, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்ந்தவரும் சேர்த்தி. இந்த நான்கையும் நன்கொடையாளர் அறிக்கைக்கு முன்னால் மேலாண்மைக் குழுவில் வாசிக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் விலகுவது என்றால், வண்டிச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இரண்டாம் ஆண்டு ஜூனிலேயே குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக முன்னாள் மாணவரும் தோட்ட உரிமையாளரும் குறிப்பிட்ட பள்ளிக்கே பணம் அனுப்பலாம்; ஆனால் மாதாமாதம் போகிற செலவுக்கு அப்படித் தருபவர்கள் அரிது. பேருந்து நேரம் மாறியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

இந்த ஏற்பாட்டில் அடங்காத ஒரு கூட்டம் இருக்கிறது. நவம்பரில் குடும்பத்தோடு கூர்க் போய் பிப்ரவரியில் திரும்புகிற பிள்ளைகள். வண்டியோ இரவு வகுப்போ அவர்களைத் தொடாது. பெற்றோர் திரும்பும் வரை பிள்ளையை ஊரில் வைத்துக்கொள்ளப் பருவகால விடுதி வேண்டும். சமக்ர சிக்ஷா விதிகளில் அதற்கு இடமுண்டு. விடுதி நடத்துவது ஓர் அறக்கட்டளை தனியாக எடுத்துக்கொள்ளக் கூடிய வேலையும் இல்லை, எடுக்கவும் கூடாது. உரிய சட்டப் பதிவு, காப்பாளர், இரவுக் காவல், பெண்பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு எல்லாம் வேண்டும். அக்டோபருக்குள் பெயர்ப்பட்டியலைத் தயாரித்து, பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் நான்கு மாதத்துக்கு இடம் கேட்டுத் திட்ட அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் ஒரே நாளில் மனுக் கொடுப்பதுதான் இப்போதைக்குத் தெரியும் வழி. பிள்ளை ஒரு துறையின் பள்ளியில், விடுதி இன்னொரு துறையில் என்பதால் கோப்பு இரண்டு இடத்திலும் நகர வேண்டும்.